அலமாரிக்குள் இன்னொரு லேப்டாப்

என் மகளிடம் சில மாதங்களாகப் பொய் சொல்லிவந்தேன். அவள் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப்பில்தான் எழுதுகிறேன், அதில்தான் கணக்குப் பார்க்கிறேன், எல்லாமே அதில்தான் என்பது அந்தப் பொய். பெங்களூரிலிருந்து வீடியோவில் கூப்பிடுவாள். அப்போது மட்டும் அதைத் திறந்து எதிரில் உட்காருவேன். "எப்படிப்பா இருக்கு, பழகிடுச்சா?" என்பாள். "ஜம்முனு இருக்கும்மா" என்பேன். பேசி முடித்ததும் அதை மூடி, துடைத்து, மேஜைமேல் வைத்துவிட்டு, அலமாரியில் வேட்டிகளுக்கு அடியிலிருந்து பழைய லேப்டாப்பை வெளியே எடுப்பேன். இரைச்சலோடு அது எழுந்து உட்காருவதற்குள் ஒரு காபி போட்டுவிடலாம். அந்தத் தாமதம்கூட எனக்குப் பிடித்தமானதாகவே இருந்தது.

மனைவிக்குத் தெரியும். காட்டிக்கொடுக்கவில்லை. துணி மடித்து அடுக்கும்போது மட்டும், "உங்க சின்ன வீட்டைக் கொஞ்சம் நகர்த்துங்க" என்பாள்.

பழையது 2016-இல் சாந்தினி சௌக்கில் வாங்கியது. கொல்கத்தாவில் கணினி என்றால் சாந்தினிதான். கணேஷ் சந்திர அவென்யூவை ஒட்டிய கடைகளில் புதியது, பழையது, பிரித்தது, ஒட்டியது எல்லாம் கிடைக்கும். விசைப்பலகையில் ஒரு எழுத்து விழுந்துவிட்டால் அந்த ஒரு எழுத்தை மட்டும் டப்பாவிலிருந்து தேடி எடுத்து மாட்டிவிடும் பையன்கள் அங்கே இருக்கிறார்கள். என் லேப்டாப்பில் பேட்டரி மாறியது, திரை மாறியது, வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போட்டாயிற்று. ஆனால் அதற்குள் இருந்த பிராசசரை ஒன்றும் செய்ய முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்றார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டி.பி.எம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர் வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை. "வங்கிக் கணக்கெல்லாம் இதுலதான் பாக்கறீங்க, இனிமே இது ஆகாதுப்பா" என்று சொல்லி, அந்த வருஷப் பூஜை விடுமுறைக்கு வந்தபோது மகள் ஒரு மேக்புக் ஏர் கொண்டுவந்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. என் கோபத்தின் முதல் காரணம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதை ஒப்புக்கொள்ளாமல் லேப்டாப்பின்மேல் ஏற்றிவிட்டேன்.

கோபத்துக்குத் தீனி நிறைய கிடைத்தது. முதலில் விரல்கள். நகல் எடுக்க கன்ட்ரோலையும் சி-யையும் அழுத்திப் பழகிய கை. இதில் கன்ட்ரோல் இருக்கிறது, ஆனால் அந்த வேலைக்கு இல்லை. ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் கமாண்ட் என்று ஒன்று, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். என் சுண்டுவிரல் தன் பழைய இடத்துக்கே ஓடும், ஒன்றும் நடக்காது. அடுத்தது டெலீட். அந்தப் பெயர் எழுதிய விசை இடப்பக்கத்து எழுத்தை அழிக்கிறது. வலப்பக்கத்து எழுத்தை அழிக்க எஃப்.என் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். திரையைப் படமெடுக்கத் தனி விசை கிடையாது. கமாண்ட், ஷிஃப்ட், நாலு என்று மூன்று விரல் வேலை. தொடுபலகையில் விரல்களைக் கீழே இழுத்தால் பக்கமும் கீழே வருகிறது. பழைய லேப்டாப்பில் இதற்கு நேர்மாறு.

மூலையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஜன்னல் மறைந்தது, செயலி போகவில்லை. கீழே அதன் படத்துக்கு அடியில் ஒரு புள்ளி அப்படியே நின்றது. "மூடினாலும் மூடாத லேப்டாப்" என்று அன்று மாலை நடைப்பயிற்சி நண்பர்களிடம் சொன்னேன். தேசப்பிரிய பார்க்கில் நல்ல சிரிப்பு. அந்த வாக்கியத்தைப் பிறகு பல இடங்களில் பயன்படுத்தினேன்.

உச்சம் என்டர் விசை. ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து என்டரை அழுத்தினால் அது திறக்க வேண்டும் என்பது என் உலக நியதி. மேக்கில் அப்படிச் செய்தால் பெயரை மாற்றும் கட்டம் வரும். திரையைப் பார்க்காமல் தட்டிப் பழகியவன் நான். கோப்பு திறந்துவிட்டது என்று நம்பி ஒரு பத்தியின் தொடக்கத்தைத் தட்டிவிட்டேன். பத்தி கோப்பின் பெயராகிவிட்டது. எனக்கோ கோப்பைக் காணவில்லை. "இந்தச் சனியன் என் கட்டுரையைத் தின்றுவிட்டது" என்று வீடு அதிரக் கத்தினேன். கோப்பு கண்ணெதிரே, நான் சூட்டிய புதுப் பெயரோடு இருந்தது. கண்டுபிடித்த பிறகு யாரிடமும் சொல்லவில்லை. தின்றுவிட்டது என்ற கதை மட்டும் ஊரில் நிலைத்தது.

இவையெல்லாம் முதல் பார்வைக் குறைகள், யாருக்கும் வரும். என் தப்பு இதற்கு அடுத்த படியில். பக்கம் ஓடும் திசையை மாற்ற அமைப்புகளில் ஒரே ஒரு சுவிட்ச் இருக்கிறது. இரண்டாம் நாளே அதைப் பார்த்துவிட்டேன். மாற்றவில்லை. மாற்றினால் புகாரில் ஒன்று குறைந்துவிடும்.

பிடித்தவையும் இருந்தன, மறைத்தேன். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சில்லைப் போட்டு விற்கத் தொடங்கியதிலிருந்து ஏர் ரகத்தில் விசிறியே கிடையாது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில், பழையது அலறிக்கொண்டு சூடாகும் நேரத்தில், இது சத்தமே இல்லாமல் கிடந்தது. சார்ஜ் போடாமல் காலையிலிருந்து இரவுவரை ஓடியது. திரையில் தமிழ் எழுத்தின் சுழி, அச்சில் பார்ப்பதுபோல் துல்லியமாகத் தெரிந்தது. தொடுபலகையை அழுத்தும்போது 'டக்' என்று ஒரு சொடுக்கு வருகிறதே, அது உண்மையில் அழுந்துவதே இல்லை. உள்ளே இருக்கும் மின்காந்தம் விரலுக்குக் கொடுக்கும் ஒரு சின்ன அதிர்வு. லேப்டாப்பை முழுக்க அணைத்துவிட்டு அழுத்திப் பார்த்தேன், வெறும் கண்ணாடியாக இருந்தது. அசந்துபோனேன். ஆனால் வெளியே சொன்னது இப்படி: "அதுல சொடுக்குகூடப் போலி சார்."

ஒரு நாள் வன்மம் முற்றி, இந்த ஆட்கள் ஏன் ஊரோடு ஒத்துப் போகாமல் விசைகளை மாற்றி வைத்தார்கள் என்று காரசாரமாக ஒரு கட்டுரை எழுதலாம் என உட்கார்ந்தேன். ஆதாரம் தேடியபோது என் வழக்கே தலைகீழானது. வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் என்ற ஏற்பாட்டை 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். பிறகு அவர் ஆப்பிளுக்குப் போனார். எக்ஸ், சி, வி என்று கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்து விசைகளை அந்த வேலைகளுக்குக் கொடுத்து, 1983-இல் லிசாவிலும் 1984-இல் மேக்கின்டாஷிலும் கொண்டுவந்தது ஆப்பிள். ஆரம்பகால விண்டோஸில் இதே வேலைக்கு இன்சர்ட், டெலீட் விசைகளைத்தான் ஷிஃப்டோடும் கன்ட்ரோலோடும் சேர்த்து அழுத்தினார்கள். 1990-களின் தொடக்கத்தில் அது மேக்கின் எழுத்துகளை எடுத்துக்கொண்டது. கமாண்ட் விசை தன் பலகையில் இல்லாததால் கன்ட்ரோலோடு கோத்துக்கொண்டது. ஆக, நான் சொத்தாக நினைத்த பழக்கமே நகல். மூலத்தைப் பார்த்து, ஏன் மாற்றினாய் என்று சண்டைக்குப் போயிருக்கிறேன்.

கமாண்ட் விசைமேல் நான்கு மூலையிலும் சுழிந்த ஒரு கோலம் இருக்கும். முதலில் அதன் இடத்தில் இருந்த ஆப்பிள் சின்னமே மெனு முழுக்கத் தெரிகிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் முகம் சுளித்ததால், சித்திரக்காரர் சூசன் கேர் சின்னங்கள் தொகுத்த ஒரு புத்தகத்தைப் புரட்டி அதை எடுத்தாராம். ஸ்வீடனில் பார்க்கத் தகுந்த இடங்களுக்கு வழிகாட்டும் பலகைகளில் இருக்கும் குறி அது. இதையெல்லாம் ரசித்துப் படித்தேன். கட்டுரை எழுதவில்லை. தெரிந்துகொண்டதை வெளியே சொல்லவும் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு வீறாப்பு? அதற்கு என் அலுவலகக் காலத்துக்குப் போக வேண்டும்.

மன்னார்குடியில் ஆங்கிலத்திலும் தமிழிலும் டைப்ரைட்டிங் தேறிவிட்டு, 1980-களின் நடுவில் கல்கத்தாவுக்கு வந்து டல்ஹௌசிப் பக்கம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். நாங்கள் இங்கே வந்த விதமே அதுதான்; வெள்ளைக்காரக் கம்பெனிகளின் காலத்திலிருந்தே சுருக்கெழுத்தும் தட்டச்சும் கணக்கும் தெரிந்த தமிழர்கள் லேக் மார்க்கெட் பக்கம் குடியேறினார்கள். முருங்கைக்காயும் வாழையிலையும் இன்றுவரை அங்கே கிடைப்பதற்கு அந்த டைப்ரைட்டர் விரல்கள்தாம் காரணம்.

கணினி விஷயத்தில் இந்த ஊருக்கு இரண்டு முகம். இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினி வந்து இறங்கியது இங்கேதான்: பரானகரில் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு, 1955-56 வாக்கில், இங்கிலாந்திலிருந்து, எச்.இ.சி-2எம் என்ற பெயரில். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஆயுள் காப்பீட்டுக் கழகம் தன் வேலைக்கு ஒரு கணினியைக் கொண்டுவர முயன்றபோது, அதே ஊரில் பிராபோர்ன் சாலையில் இருக்கும் இலாகோ ஹவுஸ் வாசலில் ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். கணினி உள்ளே நுழைந்துவிடக் கூடாது. மாதக்கணக்கில் நடந்தது அந்தக் காவல். மற்றத் தொழிற்சங்கங்களும் கூட வந்து நின்றன. நிர்வாகம் பின்வாங்கியது. தானியங்கிமயம் பற்றி ஆராய மத்திய அரசு 1969-இல் பொருளாதார அறிஞர் வி.எம். தண்டேகர் தலைமையில் குழு போட்டு, 1972-இல் அறிக்கை வாங்கியது.

நான் சேர்ந்தபோது அந்தக் கதைகள் இன்னும் சூடாக இருந்தன. காவலுக்குப் போன பெரியவர்கள் எங்கள் பிரிவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் சிரிப்பு. 1990-களில் எங்களுக்கும் கணினி வந்தது. தட்டச்சு தெரிந்தவன் என்பதால் என்னைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளில் எனக்குக் 'கம்ப்யூட்டர் பாபு' என்று பேர் வந்துவிட்டது. மேலாளர்கூடக் கோப்பு திறக்கவில்லை என்றால் என் மேஜைக்கு நடந்து வருவார். அந்த நடையின் ருசி தெரிந்தவனுக்கு மறக்காது.

எங்கள் பொரோபாபு, அதாவது தலைமை எழுத்தர், இலாகோ காவலுக்குப் போனவர். கணினி வந்த பிறகு மறுபேச்சில்லாமல் கற்றுக்கொண்டு அன்றன்றைய பதிவுகளைத் தட்டினார். ஒரு மாலை, மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பிப் போனேன். எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். அவர் மட்டும் கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய லெட்ஜரை எடுத்து, அன்று கணினியில் ஏற்றியதையெல்லாம் பேனாவால் மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடிவிட்டார். மறுநாள் தேநீர்க் கடையில் அதை நடித்துக் காட்டினேன். அவர் சுற்றுமுற்றும் பார்ப்பது, இழுப்பறையைச் சத்தமில்லாமல் இழுப்பது, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுவது. பிரமாதமான வரவேற்பு. தினம் கேட்டார்கள், தினம் செய்தேன். ஒரு நாள் அவரே மண் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார் என்பது நடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. "அபினய் பாலோய் ஹோயேச்சே," நடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைவிட மோசமானது இன்னொன்று. சில மாதம் கழித்து எங்கள் வன்தட்டு போய்விட்டது. ஒரு மாதப் பதிவுகள் மீளவில்லை. வாரம் ஒருமுறை நகல் எடுத்து வைக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது, எடுக்கவில்லை. பொரோபாபு ஒரு வார்த்தை பேசாமல் லெட்ஜரை என் மேஜைமேல் வைத்தார். இரண்டு இரவு உட்கார்ந்து அதிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோது, "பேக்கப் இருந்தது சார்" என்றேன். யாருடைய பேக்கப் என்று சொல்லவில்லை. பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது, என் பேருக்கு. அவர் அந்த வருஷமே ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். அவருடைய நகைச்சுவை உணர்வைப் பற்றிப் பேசினேன்.

வேட்டிக்கு அடியில் லேப்டாப்பை ஒளிக்கும்போது அவர் நினைவு வந்தது உண்மை. ஆனால் இரண்டையும் ஒன்றாக்கி நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. இலாகோ வாசலில் விடிய விடிய நின்றவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது; கணினி வந்தால் எழுத்தர் வேலைகள் போகும் என்று கணக்குப் போட்டார்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். பொரோபாபுவின் லெட்ஜரோ பிரயோஜனப்பட்டது. எனக்கு ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது. என் பழைய லேப்டாப் யாரையும் காப்பாற்றவில்லை. புது விசைப்பலகைக்கு முன்னால் நான் ஒரு கற்றுக்குட்டி. அது பிறர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. என் பயம் அவ்வளவுதான்.

இதில் மற்றவர்களுக்கு நஷ்டம் வராமல் இருந்திருந்தால் வீட்டோடு போயிருக்கும். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், எங்கள் தெருக்காரர், தன் நினைவுகளை எழுதத் தொடங்கியிருந்தார். மகன் மேக் வாங்கித் தருவதாகச் சொல்கிறான், வாங்கலாமா என்று கேட்டார். "அதுல தமிழே ஒழுங்கா வராதும்மா" என்றேன். பச்சைப் பொய். எனக்குத் தெரியாமலும் சொல்லவில்லை. தமிழ் விசைப்பலகை மேக்கின் இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அஞ்சல் என்ற தட்டச்சு முறையும் உண்டு, தமிழ்99-உம் உண்டு. தமிழ் எழுத்துருக்களும் கூடவே வருகின்றன. 'தமிழ் சங்கம் எம்.என்' என்று ஒன்றின் பேரிலேயே மலேசியாவின் முத்து நெடுமாறனுடைய முதலெழுத்துகள் நிற்கின்றன. முரசு அஞ்சலை உருவாக்கியவர் அவர். இதையெல்லாம் திரையில் என் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த அம்மாளிடம் வராது என்று சொன்னேன். அவர் என் பேச்சை நம்பி வேறொன்று வாங்கினார். தமிழ் தட்டுவதற்குத் தம்பி மகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வராது என்று சொன்னதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. எனக்கு வராது என்பதே அதன் பொருள். நான் தட்டுவது பழைய டைப்ரைட்டர் முறையில், யூனிகோடு இல்லாத ஒரு பழைய அச்சுக்கோப்பு எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு வந்த தமிழ்99 எவ்வளவு எளிது என்று மேடையில் பேசியிருக்கிறேன்: உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு, ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். பேசினேனே தவிரப் பழகவில்லை. 2010-இல் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நான் அசையவில்லை.

அசையாததில் ஒரு லாபம் இருந்தது. இங்கே எங்கள் தமிழ் அமைப்பு ஒன்று பொங்கலுக்கு ஆண்டு மலர் போடுகிறது. அதைக் கோர்த்துவந்தவன் நான். பழைய மலர்கள் எல்லாம் என் எழுத்துருவில், என் கணினியில். யாருக்காவது பழைய கட்டுரை வேண்டுமென்றால் என்னிடம் வர வேண்டியிருந்தது. சால்ட் லேக் செக்டர் ஃபைவில் வேலை பார்க்கும் ஒரு பெண் குழுவில் சேர்ந்து, எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிப் பொதுவில் வைத்துவிடலாம், நாலு பேர் சேர்ந்து வேலை செய்யலாம் என்றாள். "மாறாதும்மா, மாத்தினா எல்லாம் உடைஞ்சுடும்" என்றேன். மாற்றித் தரும் இலவசச் செயலிகள் பல வருஷமாக இருப்பது எனக்குத் தெரியும். ஒன்றைப் போட்டுப் பார்த்தும் இருக்கிறேன். கொம்புகள் சில இடம் மாறும். மற்றபடி நன்றாகவே மாறும். மாறிவிட்டால் என் மேஜைக்கு யார் நடந்து வருவார்கள்?

மாட்டிக்கொண்டது மார்கழி மாதத்துக் குழுக் கூட்டத்தில். ஊரெல்லாம் திட்டிய அதே மேக்கை, பார்க்க மிடுக்காக இருக்குமே என்று பையில் போட்டுக்கொண்டு போனேன். அந்தப் பெண் மலர் வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்கக் கேட்டாள். கொடுத்தேன். தேடினாள்.

"மாமா, இதுல ஒண்ணுமே இல்லையே."

"டிஸ்க்ல வெச்சிருக்கேம்மா" என்று கையடக்க ஹார்ட் டிஸ்க்கை நீட்டினேன். மாட்டினாள். கோப்பைத் திறந்தாள், என் எழுத்துரு அதில் இல்லை, குப்பை தெரிந்தது. ஏதோ சேமிக்கப் பார்த்தாள், ஏற்கவில்லை. "பாத்தியா, நான்தான் சொன்னேனே" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"இது விண்டோஸ்ல என்.டி.எஃப்.எஸ் ஃபார்மட் பண்ண டிஸ்க் மாமா. மேக் படிக்கும், எழுதாது." பிறகு திரையைப் பார்த்தபடியே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நேத்து ராத்திரி பதினொண்ணேகாலுக்கு இதைத் திருத்தியிருக்கீங்க. எந்த லேப்டாப்ல?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அவள் அதற்குமேல் கேட்கவில்லை. குழுவைப் பார்த்து, டிஸ்க்கில் சின்னச் சிக்கல், சரிசெய்துவிடலாம் என்றாள். கூட்டம் முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது, நேற்றிரவு நான் திருத்திய கட்டுரையைத் தன் கணினியில் யூனிகோடாக மாற்றிக் காட்டினாள். அதற்குள் நாங்கள் ஒரு தளம்கூட இறங்கியிருக்கவில்லை.

அன்றிரவு மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வீடியோ வேண்டாம் என்று பட்டது. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. அவளுக்கு வருத்தம். விலையைப் பற்றி அல்ல, ஒவ்வொரு வாரமும் "பழகிடுச்சா?" என்று கேட்டேனே, ஒரு தடவையாவது இல்லை என்று சொல்லியிருந்தால் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பேனே என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரிப்பா, உங்களுக்கு ஆகலைன்னா திருப்பி அனுப்பிடுங்க, இங்க ஆபீஸ்ல ஒரு பையனுக்கு வேணுமாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அதைக் கொடுக்க மனமில்லை. இத்தனை நாள் ஊர் முழுக்கத் திட்டிய லேப்டாப் அது. "இருக்கட்டும்மா, பாக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

பிறகு செய்ததெல்லாம் எல்லோரும் செய்வதுதான். பக்கம் ஓடும் திசைக்கான அந்தச் சுவிட்சை மாற்றினேன். சில நாள் கழித்து, மேக்கின் திசையே இயல்பாகப் பட்டதால் அதைப் பழையபடி வைத்துவிட்டேன். பழையதை சாந்தினிக்குக் கொண்டுபோய் லினக்ஸ் போடச் சொன்னேன். "காக்கு, இது இன்னும் நாலு வருஷம் ஓடும்" என்றான் பையன். மனைவியின் சமையல் குறிப்புகளுக்கும் பழைய பாட்டுகளுக்கும் இப்போது அது சமையலறையில் ஓடுகிறது. தமிழ்99 பழகுகிறேன், என் விரல்கள் இன்னமும் ரெமிங்டனை விட்டு இறங்கவில்லை, ஒரு பக்கம் தட்டுவதற்குள் கழுத்து வலிக்கிறது. தெருக்கார ஆசிரியை வீட்டுக்குப் போய், நான் அன்று சொன்னது தப்பு, உங்கள் லேப்டாப்பிலேயே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துத் தருகிறேன் என்றேன். சேர்த்துக் கொடுத்தேன். தெரிந்தே சொன்ன பொய் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். பொரோபாபுவிடம் சொல்ல வழியில்லை. அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. அந்தப் பாராட்டுக் கடிதம் என் கோப்பில் இருக்கிறது.

பழைய மலர்களின் கோப்புகளையெல்லாம் ஒரு டிஸ்க்கில் போட்டு அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தேன். மலர் வேலை இனி அவளுடையது. அவளும் இன்னும் மூன்று இளைஞர்களும் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே நேரத்தில் பக்கம் கோர்க்கிறார்கள். எனக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. முதல் படிவம் நேற்று வந்தது. முதல் பக்கத்திலேயே மூன்று ஒற்றுப்பிழை, தலையங்கத்தில் ஒரு கொம்பு இடம் மாறி நிற்கிறது. சிவப்பு மையால் சுழித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அதையும் இங்கே எழுதிவிடுவதுதான் நியாயம்.